உங்க வீட்டுக் கரண்டியைக் கொண்டு வாங்க

எடை குறைக்க வருபவருக்கு முதல் நாளே நான் உணவுப் பட்டியல் எழுதிக் கொடுப்பதில்லை. பலருக்கு இதில் வருத்தம். பஸ் பிடித்து வந்து, டோக்கன் போட்டு, அரை நாள் காத்திருந்தவர்கள் கையில் ஒரு தாளோடு வீடு திரும்பத்தான் விரும்புவார்கள். "சார்ட் குடுங்க மேடம், அதுல உள்ளபடியே சாப்ட்டுக்கிறேன்" என்பார்கள். நான் உயரம், எடை, வயிற்றுச் சுற்றளவு மூன்றையும் குறித்துக்கொள்வேன். ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளைப் பார்ப்பேன். அடுத்த வாரம் வரும்போது மூன்று காரியம் செய்து வரச் சொல்வேன். இரண்டு வேலை நாளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வாயில் போட்டதையெல்லாம் எழுதி வர வேண்டும். எண்ணெய் பாக்கெட்டை வெட்டிய தேதியை அதன் மேலேயே எழுதி வைக்க வேண்டும். அப்புறம், வீட்டில் சோறு போடும் கரண்டியைக் கழுவித் துடைத்து ஒரு பையில் எடுத்து வர வேண்டும்.

மதுரையில் ஒரு மருத்துவமனையின் உணவியல் பிரிவில் இருக்கிறேன். என் மேஜையில் ஒரு எடைத்தராசு, எவர்சில்வர் தட்டு, சின்னதும் பெரிதுமாக நாலைந்து கிண்ணங்கள், தையல்காரர் டேப் இவை எப்போதும் இருக்கும். கரண்டி வரும் நாளில் கேன்டீனிலிருந்து ஒரு தூக்கில் சோறு வாங்கி வைத்துக்கொள்வேன்.

ஓர் அம்மா வந்திருந்தார். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். முழங்கால் வலி, சர்க்கரை, 84 கிலோ. "மதியம் மூணே கரண்டி சோறுதான் மேடம், அதுக்கு மேல தொடமாட்டேன்" என்றார். அவர் கொண்டுவந்த கரண்டி நல்ல அகலமானது, கல்யாணத்துக்குச் சீராக வந்ததாம். தூக்கைத் திறந்து கொடுத்து, "வீட்ல போட்டுக்கிற மாதிரியே போடுங்கம்மா" என்றேன். கரண்டியை உள்ளே இறக்கினார், தூக்கின் விளிம்பில் ஓர் அழுத்து அழுத்தினார், மேலே குமிந்திருந்ததை அப்படியே தட்டில் கவிழ்த்தார். தராசு 210 கிராம் காட்டியது. மூன்று கரண்டி என்றால் 630 கிராம். குழம்பு ஊற்றுவதற்கு முன்பே ஏறக்குறைய 800 கலோரி. அவர் சொன்னதில் பொய்யே இல்லை, மூன்று கரண்டிதான் சாப்பிடுகிறார். நாங்கள் தாளில் "ஒரு கரண்டி சோறு" என்று எழுதும்போது மனதில் வைத்திருப்பது 30 கிராம் அரிசி வெந்தால் வரும் சோறு. எண்பது, தொண்ணூறு கிராம் இருக்கும், 100 கலோரியை ஒட்டி வரும். எங்கள் கரண்டிக்கும் அவர் கரண்டிக்கும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். வேறொரு மருத்துவமனையில் மூன்று கரண்டி என்று எழுதி வாங்கியதை அவர் ஒரு வருஷம் அப்படியே கடைப்பிடித்திருக்கிறார். எடை குறையாததற்குத் தன் உடம்பையும் தைராய்டையும் திட்டிக்கொண்டிருந்தார்.

உணவுப் பட்டியல் என்றால் எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்பதுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது பட்டியலில் சின்னப் பங்குதான். எந்தப் பாத்திரத்தால் அளப்பது, எத்தனை மணிக்கு, யார் சமைத்து, யார் பரிமாறி என்பதெல்லாம் அதில் இல்லாவிட்டால் அந்தத் தாள் பிரிட்ஜ் கதவில் காந்தம் ஒட்டி நிற்பதோடு சரி.

ஒரு விஷயம் சொல்ல ஆசை. இந்தியாவில் எந்த உணவியல் நிபுணரும் கலோரிக் கணக்கு போடப் புரட்டும் அட்டவணையின் பூர்வீகம் நம் குன்னூர். 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் அங்கே பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறு கூடம்தான் வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. 1971-இல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பைத் தொகுத்தவர்களில் முதல் பெயர் சி. கோபாலன், சேலத்தில் பிறந்தவர். படிக்கும் காலத்தில் அந்தப் புத்தகத்தை அட்டை கிழியக் கிழியப் புரட்டியிருக்கிறோம். அரிசி ரகங்கள், கீரை வகைகள், கருவாடு வரைக்கும் அதில் உண்டு. அந்த எண்களை நம் வீட்டுக் கரண்டிக்கும் டம்ளருக்கும் கொண்டுவந்து இறக்குவதுதான் எங்கள் வேலை.

எழுதி வரச் சொன்ன தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆண்கள் எழுதுவதில் டீ விட்டுப்போகும், பெண்கள் எழுதுவதில் மிச்சம் விட்டுப்போகும். ஒரு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி என்றால் சீனியிலேயே 200 கலோரி. கூடவே கடை வடையும் பிஸ்கட்டும். ஆனால் "சாப்பாடு" என்று கேட்டால் டீ அவர்கள் நினைவுக்கே வராது. பெண்களிடம் மெதுவாகக் கேட்க வேண்டும். பையன் பாதியில் வைத்துவிட்டுப் போன தோசை என்ன ஆச்சு? ராத்திரி சட்டியில் ஒட்டியிருந்த ஒரு கை சோறு? "வீணாப் போகுதேன்னு வாயில போட்டுக்குவேன்" என்று தயங்கிச் சொல்வார்கள். அதற்கு நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. வீட்டில் எல்லோருக்கும் போட்டுவிட்டு, கடைசியில் உட்கார்ந்து, மிஞ்சியதைச் சாப்பிடும் வழக்கம் எத்தனை தலைமுறையாக வருகிறது. அவர்களுக்கு நான் எழுதும் முதல் வரி, "உங்கள் தட்டில் முதலிலேயே போட்டு எடுத்து வைத்துவிட்டு மற்றவர்களுக்குப் பரிமாறுங்கள்." பொரியல் தீர்ந்து வெறும் குழம்பும் சோறுமாகச் சாப்பிடும் நிலை இந்த ஒரு வரியால் மாறுவதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

அரிசியை நிறுத்திவிட்டேன் என்று பெருமையாகச் சொல்லி வருபவர்கள் இப்போது அதிகம். ராத்திரி சப்பாத்திக்கு மாறியிருப்பார்கள். நாலு சப்பாத்தி, மேலே எண்ணெய், தொட்டுக்கொள்ள தேங்காய் அரைத்த குருமா. இன்னும் சிலர் சிறுதானியத்துக்கு வந்திருப்பார்கள். கேழ்வரகும் தினையும் சாமையும் நல்லவை, நார்ச்சத்து உண்டு, கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து ஏராளம். ஆனால் 100 கிராம் அரிசிக்கும் 100 கிராம் கேழ்வரகுக்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது. சோற்றை எடுத்துவிட்டு அதே அளவு தினைச்சோறு வைத்தால் தராசுக்குத் தெரியப்போவதில்லை. 2024-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, நாளின் மொத்தக் கலோரியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. சிறுதானியமும் அந்த 45-க்குள்தான். நம் தட்டுகளில் தானியம் அதைவிட மிகக் கூடுதலாக இருக்கிறது. காலையில் இட்லி, மதியம் சோறு, இரவில் தோசை. மூன்றும் அரிசி. நடுவில் சாம்பார் இருக்கிறதே, பருப்புதானே என்பார்கள். ஒரு கரண்டி சாம்பாருக்குள் போகும் பருப்பு பத்து கிராம் இருந்தால் அதிகம். அதில் கிடைக்கும் புரதம் இரண்டு கிராம்.

புரதத்தைக் கூட்டாமல் சோற்றை மட்டும் குறைத்தால் நாலு நாளில் பசி ஆளைத் தின்றுவிடும். கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும். ஆகவே நான் எழுதும் பட்டியலில் குறைப்பதைவிடக் கூட்டுவதுதான் முதலில் வரும். காலையில் ஒரு முட்டை, அல்லது இட்லியோடு ஒரு கிண்ணம் பச்சைப்பயறு. மதியம் கெட்டிப் பருப்போ மீனோ சுண்டலோ, ஏதாவது ஒன்று கட்டாயம். காய் இரண்டு கிண்ணம். மதுரைச் சந்தையில் பீர்க்கங்காய், சுரைக்காய், புடலங்காய், கொத்தவரங்காய், வாழைத்தண்டு, கீரைக்கட்டு எல்லாம் கிடைக்கிற ஊரில் ப்ரோக்கோலி எழுதிக் கொடுப்பது எனக்குப் பிடிக்காது. முதலில் காயும் பருப்பும், பிறகு சோறு என்ற வரிசையையும் எழுதுவேன். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பின் ரத்தச் சர்க்கரை ஏறுவது இதனால் குறைகிறது. சோற்றுக்கு முன்பே வயிறும் பாதி நிறைந்துவிடும்.

நான் எழுதியவற்றில் எனக்கு மிகவும் மனநிறைவு தந்த பட்டியல் ஒரு டவுன் பஸ் நடத்துநருக்கு எழுதியது. 48 வயது, 168 சென்டிமீட்டர், 92 கிலோ, வயிறு 108 சென்டிமீட்டர். நம் ஆட்களுக்கு உடல் நிறை எண் 25-ஐத் தொட்டாலே உடல்பருமன் என்று கணக்கு. வயிற்றுச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அவருக்கு இரண்டுமே வெகுவாகத் தாண்டியிருந்தன. ஏற்கெனவே யாரோ கொடுத்திருந்த பட்டியல் ஒன்று சட்டைப்பையில் இருந்தது. காலை எட்டு மணிக்கு ஓட்ஸ், பதினொன்றுக்கு ஆப்பிள், ஒரு மணிக்குச் சாப்பாடு, இரவு ஏழு மணிக்கு சூப். "எட்டு மணிக்கு நா அஞ்சாவது டிரிப்புல இருப்பேன் மேடம், ஓட்ஸ எங்கன வச்சுக் குடிக்க?" என்று கேட்டார்.

அவருடைய டியூட்டி அட்டையை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். காலை நாலே கால் மணிக்கு டிப்போ. அங்கே ஒரு டீ, சீனி ஒரு ஸ்பூன். பழக்கமான வடைக்குப் பதிலாக வீட்டிலிருந்து ஒரு கைப்பிடி வறுகடலை. ஏழே முக்காலுக்கு மாட்டுத்தாவணியில் இருபது நிமிஷம் நிற்கும். அங்கே மூன்று இட்லி, சாம்பார், சட்னி வேண்டாம், கடையிலேயே இரண்டு அவித்த முட்டை. பதினொரு மணி வாக்கில் வீட்டு மோர் ஒரு பாட்டில், கூட ஒரு கொய்யாக்காய். டியூட்டி முடிந்து வீடு சேர மூன்று ஆகிவிடும். எங்கள் கரண்டியால் இரண்டரைக் கரண்டி சோறு, இரண்டு கிண்ணம் காய், மீன் குழம்பு வைத்த நாளில் இரண்டு துண்டு மீன், மற்ற நாளில் கெட்டிப் பருப்பு, கடைசியில் ஒரு கிண்ணம் தயிர். ஆறு மணிக்குச் சுண்டல், டீ. எட்டுக்குள் இரண்டு தோசை, காய்க் கூட்டோடு. அதன்பின் எதுவும் இல்லை, அதிகாலை எழ வேண்டியவர் ஒன்பதரைக்குப் படுத்தாக வேண்டும். எல்லாம் சேர்த்து 1,750 கலோரியை ஒட்டி வந்தது. அதுவரை அவர் சாப்பிட்டதை எழுதிப் பார்த்ததில் 2,500-ஐத் தாண்டியது. அதில் பெரும்பகுதி டீக்கடையிலும், இரவுப் பரோட்டாவிலும் அதன்மேல் ஊற்றிய சால்னாவிலும் இருந்தது.

பட்டியலை அவரிடம் கொடுப்பதற்கு முன் அவருடைய மனைவியைப் போனில் கூப்பிட்டுப் பேசினேன். "மதியம் நா வேலைக்குப் போயிருவேன் மேடம், அவரே போட்டுத் திம்பாரு, சட்டியோட இருந்தா அவருக்கு அளவு தெரியாது" என்றார். சரி, வேலைக்குப் போகுமுன் அவர் பங்குச் சோற்றைத் தனியே ஒரு டிபன் பாக்ஸில் எடுத்து மூடி வைத்துவிடுங்கள் என்றேன். அந்த டிபன் பாக்ஸ்தான் அவருக்கு மருந்து. வாரம் ஒருநாள் பரோட்டா வேண்டும் என்று நடத்துநர் கேட்டார். ஒன்று, சால்னா பாதிக் கரண்டி, அன்று மதியம் சோறு ஒரு கரண்டி குறைவு என்று எழுதினேன். ஆறு மாதத்தில் எட்டு கிலோ குறைந்தது, வயிறு 99-க்கு வந்தது.

இதைக் கேட்கிறவர்களில் பாதிப் பேர், எட்டு கிலோதானா என்பார்கள். ஒரே மாதத்தில் பத்து கிலோ என்ற விளம்பரங்களைப் பார்த்த கண் அது. 800 கலோரிப் பட்டியலை வைத்துக்கொண்டு, முடி கொட்டி, மயக்கம் வந்து என்னிடம் வந்த பெண்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. முதல் வாரத்தில் மளமளவென்று குறைவது பெரும்பாலும் தண்ணீர். உடம்பு சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் ஒரு கிராம் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது தீரும்போது தண்ணீரும் போகும், சோறு திரும்பியதும் தண்ணீரும் திரும்பும். 1944-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களை வைத்து நடத்திய பட்டினிச் சோதனை எங்கள் துறையில் எல்லோரும் படிப்பது. போரில் பட்டினி கிடந்தவர்களை எப்படித் தேற்றுவது என்று அறியச் செய்தது. ஆறு மாதம் அவர்கள் நிறைய நடந்தார்கள், கிடைத்த உணவு நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. எடையில் கால் பங்கு போனது. கூடவே குளிர் தாங்க முடியாமை, எரிச்சல், சோர்வு, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களை உட்கார்ந்து வாசித்தார்கள். சோதனை முடிந்தபின் எவ்வளவு சாப்பிட்டும் அடங்காத பசி. பட்டினிப் பட்டியலைக் கைவிட்டு ஒரே மூச்சில் இரண்டு பிரியாணி சாப்பிட்டுவிட்டு அழுதுகொண்டு வரும் பெண்ணிடம், "உனக்கு மன உறுதி இல்லைன்னு யாரும்மா சொன்னது" என்று நான் சொல்வது இந்த அறிவை வைத்துத்தான்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். கிளிமிபிரைடு வகை மாத்திரையைப் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டு சோற்றைப் பாதியாகக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். அதனால் பட்டியல் தொடங்கும் நாளிலேயே மருத்துவரிடம் அனுப்பி மருந்தளவைப் பார்க்கச் சொல்வேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு நான் மேலே சொன்ன புரதக் கணக்கு பொருந்தாது. 2025-இல் மௌஞ்சாரோ, வெகோவி ஊசிகள் இங்கே விற்பனைக்கு வந்தபின், "ஊசி போட்டா பட்டியல் வேணாம்ல?" என்று கேட்கிறார்கள். ஊசி பசியைக் குறைக்கும். குறைந்த பசியில் சாப்பிடும் நாலு வாயும் வெறும் சோறாக இருந்தால் தசை போய்விடும். அவர்களுக்குப் பட்டியல் இன்னும் அவசியம்.

எண்ணெய்க் கணக்கு எளிது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத கணக்கு. ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி, செக்கு எண்ணெய் ஆனாலும் அதேதான். எடை குறைக்க வேண்டியவருக்கு நாளுக்கு மூன்று தேக்கரண்டி, மாதத்துக்கு அரை லிட்டர் என்பது என் அளவு. பாக்கெட்டில் எழுதிய தேதி இங்கேதான் உதவும். நாலு பேர் வீட்டில் மாதம் ஐந்து லிட்டர் செலவாகிறது என்றால் சமையலைப் பற்றித் தனித்தனியாக எதுவும் கேட்க வேண்டியதில்லை.

காலண்டரும் பட்டியலுக்குள் வர வேண்டும். புரட்டாசி பிறந்தால் முட்டையும் மீனும் வீட்டுக்குள் வராது, பட்டியலில் அந்த இடம் காலியாகும். காலி இடத்தைச் சோறு நிரப்பிவிடும். நவராத்திரிச் சுண்டல் பெரும்பாலும் அதே மாதத்தில் வருவது எனக்குப் பெரிய துணை. மொச்சை, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை என்று மாதம் முழுக்கச் சுண்டலை நீட்டச் சொல்வேன். ரமலானில் நோன்புக் கஞ்சியை விடச் சொல்ல மாட்டேன், அதோடு வரும் சமோசாவையும் வடையையும்தான் பேசித் தீர்ப்போம். கல்யாணப் பந்திக்கு என் யோசனை ஒன்றுதான். அங்கே விருப்பப்படி சாப்பிடுங்கள், இரவு பசித்தால் மோர் மட்டும்.

மூன்றாவது நாலாவது மாதத்தில் எடை நின்றுவிடும். ஏறக்குறைய எல்லோருக்கும் நடப்பது இது. குறைந்த உடம்புக்குத் தேவையும் குறைவு, அது மட்டுமின்றி உடம்பு செலவையும் சுருக்கிக்கொள்கிறது. மனம் விடுவது இந்தக் கட்டத்தில்தான். அப்போது நான் டேப்பை எடுப்பேன். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்ட நிலையில் அளந்தால், எடை நின்ற மாதத்திலும் வயிறு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருப்பது பலருக்குத் தெரியும். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வை அவர்களுக்குச் சொல்வேன். சர்க்கரை நோயின் வாசலில் நின்றவர்களிடம் உணவையும் நடையையும் மாற்றியதில், எடை பெரிதாகக் குறையாமலே நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. சொல்லிவிட்டு, மறுபடி கரண்டியைக் கொண்டு வரச் சொல்வேன். அநேகமாக அளவு மெல்ல ஏறியிருக்கும்.

நினைத்த எடைக்கு வந்தவர்களுக்குக் கடைசியாக ஒரு தாள் தருவேன். அதில் சோறு அரைக் கரண்டி கூடியிருக்கும், ஒரு பழம் கூடியிருக்கும், மற்றதெல்லாம் பழையபடியே. சனிக்கிழமை காலை, வெறும் வயிற்றில், ஒரே தராசில் ஏறிப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். இரண்டு கிலோ ஏறியிருந்தால் அடுத்த வாரமே வந்துவிட வேண்டும், ஐந்து கிலோ ஆகும்வரை வெட்கப்பட்டு வீட்டில் இருக்கக் கூடாது. நடத்துநர் போன மாசம் அப்படித்தான் வந்தார், ஒன்றரைக் கிலோவுக்கே. பணிமாற்றத்தில் இரவு டியூட்டி வந்துவிட்டதாம். புதிய அட்டையை மேஜையில் வைத்தார். இரவு பத்தரை மணி டிரிப்புக்கு முன்னால் என்ன சாப்பிடுவது என்பதிலிருந்து மறுபடி எழுதத் தொடங்கினோம்.